ஒரே ஜோடி ஏர்பேக், நான்கு வண்டிகள்

போன மாதம் கார்த்தி போன் பண்ணினான். திருச்சியில் நான் வேலை பார்த்த கார் ஷோரூமில் சேல்ஸில் இருந்தவன். இப்போது புதுக்கோட்டையில் சொந்தமாகப் பழைய கார் வாங்கி விற்கிறான்.

"அக்கா, நம்ம இத்தாலி வண்டி ஒண்ணு வந்திருக்கு. அந்தச் சின்ன வண்டிதான், டர்போ வச்சது. பார்ட்டி டெய்லி ஓட்டுறதுக்குக் கேக்குறாரு. பார்ட்ஸ் கிடைக்குமான்னு பயப்படுறாரு. நீங்க அந்தக் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருந்தவங்கன்னு சொல்லியிருக்கேன். போனை அவர்கிட்ட குடுக்குறேன், நல்ல வண்டின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"வண்டிய நான் பாக்கலையேப்பா."

"நீங்க பாத்து என்னக்கா பண்ணப் போறீங்க? ஒரு வார்த்ததானே."

நான் போனை வைத்துவிட்டேன். 'கோவமா அக்கா' என்று செய்தி அனுப்பினான். கோபம்தான். அந்த 'ஒரு வார்த்தை'யை நான் ஒருமுறை வண்டியைப் பார்க்காமலே சொன்னேன். அதுவும் இதே வகை வண்டிக்கு. என்ன ஆனது என்று கார்த்திக்கும் தெரியும். தெரிந்தே கேட்கிறான். இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் எல்லோரும் மறந்துவிட முடிகிறது. என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கதவைச் சாத்தினால் பீரோ மூடுவது போல் சத்தம் வரும். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மூன்றாவது கியரில் காலை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் தினமும் ஓட்டுவதென்றால் பொறுமை வேண்டும். வண்டி தாழ்வு. நம் பக்கம் ஒவ்வொரு ஊர்க்காரரும் அவரவர் இஷ்டத்துக்கு உயர்த்திப் போட்டிருக்கும் ஸ்பீட் பிரேக்கரில் அடி உரசும்; சாய்த்து ஏற்றி இறக்க வேண்டும். விரட்டி ஓட்டிவிட்டு வந்த உடனே இன்ஜினை அணைக்கக் கூடாது, டர்போ ஆற ஒரு நிமிஷம் விட வேண்டும். டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் மாற்றினால் போதாது, வயதும் பார்க்க வேண்டும். இதெல்லாம் யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் யாரும் இதைக் கேட்பதில்லை. எத்தனை குதிரை சக்தி, வெள்ளைக் கலர் கிடைக்குமா, மைலேஜ் என்ன, இவ்வளவுதான். 'முன்னாடி இடிச்ச வண்டியா? இடிச்சப்ப என்னென்ன மாத்துனாங்க? மாத்துனதுக்கு என்ன சாட்சி?' இந்த மூன்றையும் கேட்டவர் என் முப்பத்து மூன்று வருஷ வேலையில் ஒரே ஒருவர். அவரும் நான் சொன்ன பிறகுதான் கேட்டார்.

எனக்கு ஊர் கீரனூர். பெயர் செண்பகவல்லி. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தேன், வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலை கேட்டுப் போன இடத்தில், "ஒர்க்‌ஷாப்ல பொம்பளைய விட முடியாதும்மா, ஸ்டோர்ஸ்ல வேணா உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். மூன்று கம்பெனி மாறினேன். இரண்டாவதுதான் இந்த இத்தாலி வண்டி விற்ற ஷோரூம். தினமும் காலை ஏழு இருபது பஸ்ஸில் திருச்சிக்குப் போவேன், சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவேன். ஒரு வண்டியில் என்ன உடைந்தது, என்ன மாற்றினார்கள் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, விற்கிறவனுக்கும் பாதிதான் தெரியும். ஸ்டோர்ஸில் இருக்கிறவளுக்கு முழுசாகத் தெரியும். ஒரு ஆணி போனாலும் சேஸிஸ் நம்பர் போட்டு எழுதித்தான் நான் கொடுத்திருக்கிறேன்.

ஏர்பேக்குக்கு மட்டும் தனி நடைமுறை. அது வெடிபொருள். காற்றடைத்த பலூன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மருந்து தீப்பிடித்து, கண் இமைப்பதற்குள் பையை ஊதி, ஓட்டுகிறவரின் முகத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் நிறுத்தும். அதனால் பூட்டிய இரும்பு அலமாரியில்தான் வைப்போம். சாவி என் இடுப்பில். மெக்கானிக் ஜாப் கார்டோடு வந்தால் நான் பெட்டியைத் திறந்து, அதன் சீரியல் நம்பரை எழுதுவேன். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஜாப் கார்டில் ஒட்டுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். எடுத்துப் போகும்போது ஏர்பேக்கின் முகப்பு நம் உடம்பைப் பார்த்து இருக்கக் கூடாது, வெளியே பார்த்து இருக்க வேண்டும். வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய. அந்தப் பத்து நிமிஷம் மெக்கானிக்குகள் டீ குடிப்பார்கள். எங்கள் மூத்த மெக்கானிக் செல்லத்துரை மட்டும் டீக்குப் போக மாட்டார். வண்டி பக்கத்திலேயே கைகட்டி நிற்பார். அவ்வளவு கறாரான மனிதர்.

சர்வீஸ் மேனேஜர் தனபாலன். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. யாரையும் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார், அவரே தேடி வருவார். "சாப்பிட்டீங்களாம்மா?" என்பார். நாம் சொன்னால்தான் நாற்காலியில் உட்காருவார். குரல் ஒரு நாளும் உயர்ந்ததில்லை. கையெழுத்து வாங்க வரும்போது பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக நீட்டுவார். காகிதத்தை அவரே பிடித்துக்கொள்வார். எங்கே போட வேண்டுமோ அங்கே அவர் சுண்டுவிரல் இருக்கும். அந்த விரலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நமக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை வைத்துத்தான் அந்த மனிதர் பிழைத்தார்.

ஒருநாள் வந்து சொன்னார்: "ஏர்பேக் பெட்டியில ஸ்டிக்கர உரிக்க வேணாம்மா. பெட்டி பாக்க அசிங்கமாயிருது. ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க, போதும்." ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு வண்டிக்கு எடுத்துப் போன இரண்டு ஏர்பேக்கும் மறுநாளே திரும்பி வந்தன. கூடவே ரிட்டர்ன் ஸ்லிப், 'தவறான பாகம்' என்று. "மாடல் மாறிப் போச்சும்மா, வேற ஆர்டர் போட்டுட்டேன், நேரா ஒர்க்‌ஷாப்புக்கு வந்துரும்" என்றார். மூடி கழற்றிய பேனா. கையெழுத்துப் போட்டேன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஸ்டோர்ஸுக்கு வராமல் ஒரு பாகம் எப்படி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிறகும் இரண்டு மூன்று தடவை அப்படி வந்தது. அப்போதும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் திட்டப்போகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

ஸ்டெல்லா என் பஸ் சிநேகிதி. கீரனூர்தான், திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். எட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் பழைய ஜீப்பில் பதினாறு வயதிலேயே ஓட்டப் பழகினவள். பஸ் டிரைவர் கியர் மாற்றுவது சரியில்லை என்றால் முகத்தைச் சுளிப்பாள். அவளுக்கு அரிமளத்துக்கு மாற்றல் வந்தது. கீரனூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. ஒரு மாசம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, ஒருநாள் லீவு போட்டு மதியம் ஸ்டோர்ஸுக்கே வந்து, "அக்கா, நான் கார் எடுக்கப் போறேன்" என்றாள்.

சின்னதாக, புதிதாக ஏதாவது எடுக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"நூறு கிலோமீட்டர் தெனமும் ஓட்டணும்க்கா. ஓட்டுறப்ப ஒரு சந்தோஷம் வேணாமா? ஒங்க ஷோரூம்ல செகண்ட்ஸ்ல ஒரு வெள்ள வண்டி நிக்குது, செவப்புக் கோடு போட்டது. ஓட்டிப் பாத்தேன். எறங்கவே மனசு வரல."

"அதுவா? நல்ல வண்டி. எடு" என்றேன்.

சொன்னேன். வண்டி எங்கிருந்து வந்தது, யாருடையது என்று பார்க்காமல், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னேன். அவள் அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, டெலிவரிக்காக அந்த வண்டிக்குப் புது மேட் கேட்டு ஜாப் கார்டு வந்தது. மேட்டை எழுதும்போது சேஸிஸ் நம்பரின் கடைசி எண்கள் என் கையைப் பிடித்து நிறுத்தின. எங்கோ எழுதின எண். பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஏழு மாசத்துக்கு முன்னால் அதே வண்டிக்கு பானெட், ரேடியேட்டர், முன் பம்பர், இரண்டு ஹெட்லைட் கொடுத்திருக்கிறேன். கூடவே இரண்டு ஏர்பேக். அடுத்த நாள் தேதியில் அந்த இரண்டும் ரிட்டர்ன்.

சீரியல் நம்பரைப் பார்த்தேன். பிறகு அலமாரியைத் திறந்து பெட்டியைப் பார்த்தேன். அதே நம்பர். அதே ஜோடி. மறுபடியும் ரெஜிஸ்டரைப் பிரித்து அந்த நம்பரை மட்டும் விரலால் தேடிக்கொண்டே போனேன். நான்கு வண்டிகள். நான்கு தடவை அந்த ஜோடி என் அலமாரியை விட்டுப் போயிருக்கிறது, நான்கு தடவையும் திரும்பி வந்திருக்கிறது. இடித்து நொறுங்கி வந்த நான்கு வண்டிகள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்க வரும்போது பெட்டிகளை வண்டிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். பில்லில் ஏர்பேக் இருக்கும், அதற்கான இன்சூரன்ஸ் பணமும் வந்துவிடும். அவர் போனதும் பெட்டி என்னிடம் வந்துவிடும். ஒவ்வொரு ஸ்லிப்பிலும் என் கையெழுத்து, சுத்தமாக, முழுப் பெயரோடு.

செல்லத்துரையைத் தேடிப் போனேன். பெயின்ட் பூத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த வெள்ள வண்டி ஸ்டியரிங்குக்குள்ள என்ன இருக்கு?"

அவர் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏர்பேக் இல்லன்னா மீட்டர்ல செவப்பு லைட்டு எரியணுமே. எரியலையே?"

"ரெசிஸ்டர் போட்டுருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "கனெக்டர்ல சின்னதா ஒண்ணு சொருகிட்டா, பேக் இருக்குன்னு வண்டி நம்பிக்கிரும். லைட்டு வரும், அணைஞ்சிரும். மூடியத் தனியா வாங்கி ஒட்டியாச்சு. உள்ள ஸ்பாஞ்சு."

"டேஷ்போர்டு?"

"ஒட்டி, மேல ரெக்சின் போட்டுருக்கு."

"சீட் பெல்ட்டு?"

"அத இழுத்துப் பிடிக்கவும் உள்ள மருந்து உண்டுல்ல, அதும் வெடிச்சதுதான். மாத்தல."

"எப்புடிண்ணே செஞ்சீங்க?"

"ஒங்க கையெழுத்து இல்லாம நான் செய்யலம்மா" என்றார். குத்திக் காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. அது உண்மை என்பதுதான் எனக்குக் கொதித்தது.

தனபாலன் அன்று பிற்பகல் அவராகவே ஸ்டோர்ஸுக்கு வந்தார். செல்லத்துரை சொல்லியிருக்க வேண்டும். நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"என்னமோ வெசனமா இருக்கீங்கன்னாங்க."

"சார், அந்த வண்டில ஏர்பேக் இல்ல."

"லைட்டு வருது, அணையுது. கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தாலும் ஓகேன்னுதான் சொல்லும். கம்ப்யூட்டர் சொல்றத நாம எப்புடிம்மா தப்புங்குறது?"

"வாங்குறது எனக்குத் தெரிஞ்ச பொண்ணு சார்."

"தெரிஞ்சவங்கன்னா நல்லதாப் போச்சு. மேட்டு நல்லதாக் குடுங்க." சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரி செய்துகொண்டார். "ஒங்க மேல எனக்கு ரொம்ப மரியாத. ரிட்டர்ன் ஸ்லிப்பு நாலும் என் ரூம்ல பத்திரமா இருக்கு. எல்லாம் ஒங்க கையெழுத்து. ஒங்க பேருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதான் நான் பத்திரமா வச்சிருக்கேன்."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, "வாரேம்மா" என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். என் ஆயுளில் எத்தனையோ பேர் என்னைக் கத்தித் திட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் மறந்துவிட்டது. அந்தக் கதவு சாத்திய சத்தம் மறக்கவில்லை.

அப்போது என் கணவருக்கு வேலை இல்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, இரண்டு நாள் ஏன் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா தினமும் போகும் ரோட்டை நினைத்துப் பார்த்தேன். நார்த்தாமலை விலக்கில் ஜல்லி ஏற்றிய லாரிகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்விட்டு வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்தையும் சேர்த்து. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நல்ல வண்டி, எடுன்னு சொன்னது நீங்கதானேக்கா?"

"நான்தான்."

"பாக்காமயா சொன்னீங்க?"

"பாக்காமத்தான்."

பிறகு அவள் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எத்தன ஓம் ரெசிஸ்டர்?"

"தெரியல. ரெண்டோ, மூணோ இருக்கும்."

"எங்க லேப்ல டப்பா டப்பாவாக் கெடக்கு" என்றாள். அவளுடைய மூக்கு நுனி சிவந்திருந்தது. "ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்க தொலைச்சிட்டு வந்து நிக்கும். போனாப் போகுது விடுன்னு சொல்லுவேன். அத வச்சா என்னைய ஏமாத்துறாங்க?" ஏர்பேக்கைக் கழற்ற என்ன நடைமுறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பவில்லை.

திங்கட்கிழமை டெலிவரி. வண்டிக்கு ரோஜா மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், அட்டையில் வெட்டிய பெரிய சாவி, போட்டோ எடுக்க ஆள். தனபாலன் இனிப்புத் தட்டோடு நின்றார். கார்த்தியும் அப்போது அங்கேதான் நின்றான். ஸ்டெல்லா இனிப்பை எடுக்கவில்லை.

"சார், ஸ்டியரிங்கக் கழட்டிக் காட்டுங்க."

"எதுக்குங்க டீச்சர்?"

"முன்னாடி இடிச்ச வண்டியாமே. ஏர்பேக் மாத்துனீங்களா?"

"மாத்தாம இருப்பமாங்க? பில்லு இருக்கு, காட்டுறேன்."

"பில்ல நான் ஓட்டப் போறதில்ல. ஸ்டியரிங்கக் கழட்டுங்க."

"கழட்டுனா கம்பெனி சீல் போயிரும்ங்க. வாரண்டி கெடைக்காது."

"செகண்ட்ஸ் வண்டிக்கு என்ன சார் வாரண்டி?"

அதற்குள் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்கள். தனபாலன் அவர்களைப் பார்த்தார், பிறகு ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். மறுத்தால் அசிங்கம் என்று நினைத்திருப்பார். ஆபத்து என்று சொல்லி மேலாகக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்றும் நினைத்திருப்பார். "செல்லத்துரை, டீச்சருக்கு ஒரு தடவ காட்டிருங்க. ஏர்பேக் டேஞ்சரு, பாத்து" என்றார் சத்தமாக.

செல்லத்துரை ஸ்குரூ டிரைவரோடு வந்தார். நேராகக் கதவைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் பின்பக்கம் கையைக் கொடுத்தார்.

"அண்ணே, பேட்டரியக் கழட்ட வேணாமா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "பத்து நிமிஷம் நிக்கணும்ல?"

செல்லத்துரையின் கை அப்படியே நின்றது. இருபது வருஷம் ஒரு வண்டியிலும் அந்தப் பத்து நிமிஷத்தை விடாத மனிதர். தலையைத் தூக்கினார். தனபாலனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"வேண்டியதில்ல டீச்சர். உள்ளதான் ஒண்ணும் இல்லையே."

அதற்கு மேல் யாரும் எதுவும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மூடி வந்தது. உள்ளே மெத்தைக் கடையில் கிழித்துப் போடுவது போல ஒரு துண்டு ஸ்பாஞ்சு, வயர் நுனியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்ன ரெசிஸ்டர். ஸ்டெல்லா டேப்பைப் பிரித்து, அதன் கலர் கோடுகளைப் படித்து, தனபாலனின் இனிப்புத் தட்டில் வைத்தாள்.

இனிமேல்தான் எனக்கு ஆறாத பகுதி. தனபாலன் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "ஒர்க்‌ஷாப்ல யாரோ தப்புப் பண்ணியிருக்காங்க. விசாரிச்சு நடவடிக்கை எடுப்போம்ங்க" என்றார். நடவடிக்கை எடுத்தார்கள். செல்லத்துரையை வேலையை விட்டு நிறுத்தினார்கள். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான், அவரைத்தான் நிறுத்தினார்கள். அவருக்காக நான் ஏதாவது பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் அவர் மனைவி எனக்கு முகம் கொடுப்பதில்லை. நான் பேசினேன். முதலாளிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதினேன். முதலாளியிடமிருந்து பதில் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து 'கிடைக்கப் பெற்றோம்' என்று ஒரு வரி வந்தது. என்னை டயர் குடோனுக்கு மாற்றினார்கள். ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டரை ஆடிட்டுக்கு என்று எடுத்துப் போனார்கள், அது திரும்பி வரவில்லை. தனபாலன் பிறகு வேறு கம்பெனியில் இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார். அவருக்குச் சால்வை போட்டு வழியனுப்பினார்கள். 'மனிதநேயம் மிக்கவர்' என்று ஒருவர் மைக்கில் பேசினார். நான் கைதட்டவில்லை என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு பெருமை எதுவும் இல்லை.

ஸ்டெல்லா அந்த வண்டியைத்தான் எடுத்தாள். முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள் என்று நான் சொன்னபோது, "வண்டி என்னக்கா தப்புப் பண்ணுச்சு?" என்றாள். புது ஏர்பேக் இரண்டு, புது பெல்ட்டுகள், புது கன்ட்ரோல் யூனிட், முழு டேஷ்போர்டு, எல்லாம் அவள் கண் முன்னால் மாட்டினார்கள். ஸ்டிக்கரை உரித்து அவள் கையிலேயே வாங்கிக்கொண்டாள். கம்பெனி நம் நாட்டிலிருந்து கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகும், தினமும் அரிமளத்துக்கு அதில்தான் போய் வருகிறாள். ஒரு ஹெட்லைட்டுக்காக இரண்டு மாசம் காத்திருந்தாள், அப்போதும் விற்கவில்லை. என்னோடு மறுபடி சகஜமாகப் பேச அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. அது நியாயம்தான்.

மற்ற மூன்று வண்டிகளின் சேஸிஸ் நம்பரையும் உரிமையாளர் பெயரையும், ரெஜிஸ்டர் போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒருவர் திருச்சியில் டாக்டர். போனில் சொன்னதும் பதறிப்போய் மறுநாளே வண்டியைக் கழற்றிப் பார்த்து மாற்றினார். இன்னொன்று கேரளாவுக்கு விற்றுப் போய்விட்டது. யார் கையில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவது வண்டி அரிமளத்தில் ஒரு காண்டிராக்டருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

அவர் முழுவதும் கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை.

"அந்த வண்டிய நான் போன மாசமே குடுத்துட்டேனே."

"யாருக்குங்க? நான் போயி ஒரு தகவல் சொல்லணும்."

"அது எதுக்கு ஒங்களுக்கு? அவன் பாத்துத்தான் வாங்குனான். இப்ப போயி நீங்க எதையாவது கெளப்பி விட்டீங்கன்னா வண்டியக் கொண்டாந்து என் வாசல்ல நிறுத்துவான்."

"உயிர் சம்பந்தப்பட்டதுங்க."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா ஓட்டுனேன்? எனக்கு என்ன ஆயிருச்சு? போங்கம்மா."

தனபாலன் மேல் வந்ததைவிட அந்த மனிதர் மேல் எனக்கு அதிக ஆத்திரம் வந்தது. அதே ஏமாற்றுக்கு அவரும் ஆளானவர். மாசக்கணக்கில் அந்த ஸ்பாஞ்சை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு ஓட்டியவர். தப்பித்துவிட்டோம் என்று தெரிந்த நொடியிலேயே அதை இன்னொருவன் தலையில் கட்டிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் வந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். அவர் மனைவி. தலையில் முக்காடாகச் சேலையை இழுத்துவிட்டிருந்தார்.

"நார்த்தாமல" என்றார் மூச்சு வாங்க. "பேங்க்ல வேல பாக்குற தம்பி. போஸ்ட் ஆபீசுக்கு அங்கிட்டு மாடி வீடு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்றைக்கே நார்த்தாமலைக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மாலை ஐந்து இருக்கும். வண்டி வாசலில்தான் நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி முன் சீட்டில், மடியில் ஒரு வயசுப் பெண் குழந்தை. குழந்தை இரண்டு கையாலும் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த இளைஞர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று சொன்னேன். சேஸிஸ் நம்பரைச் சொன்னேன். வண்டியில் ஏர்பேக் இல்லை, உள்ளே ஸ்பாஞ்சுதான் என்றேன். தாளைக் காட்டினேன். அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்த்து வந்த கேள்விகள் நிறைய. ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை, உங்களுக்கு இதில் என்ன ஆதாயம், சாட்சி என்ன, நீங்கள் யார் அனுப்பி வந்தீர்கள். வழியெல்லாம் பஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டே வந்திருந்தேன். என் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் எதையும் கேட்கவில்லை. தாளைக்கூடக் கையில் வாங்கவில்லை. என்னை அப்படியே விட்டுவிட்டு வண்டியிடம் போனார். குனிந்து சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கு" என்றார் மனைவியிடம். "நாம பஸ்லயே போயிக்கலாம்."